பிள்ளைபிடி டீச்சர்

வருடத்துக்கு ஒரு தடவை, பள்ளிக்கூடம் திறக்கப் போகிற வாரத்தில், அந்தத் தெருவில் பட்டப்பகலில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். திருட்டுப் பயம் எல்லாம் இல்லை. பிள்ளைபிடி டீச்சர் வருகிறாள் என்று அர்த்தம். மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசல் வாசலாக நின்று, "வீட்டுல அஞ்சு வயசுல யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்பாள். "இருக்கு. ஆனா உங்களுக்கு இல்ல" என்று ஜன்னல் வழியாகவே பதில் சொல்லி அனுப்பிய வீடும் உண்டு. சாப்பிட அடம்பிடிக்கிற குழந்தையை, "பிள்ளைபிடி டீச்சர் வராங்க, தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று மிரட்டுகிற தாய்மார்களும் உண்டு. அவள் காதில் விழும்படிதான் மிரட்டுவார்கள். அவளும் சிரித்து வைப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது? பிள்ளை வேண்டுமே.

தெருக்கோடியில் இருந்த அரசுத் தொடக்கப்பள்ளிக்கு அவள் தலைமையாசிரியை. தலைமை என்றால் பின்னால் ஒரு படையே நிற்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்குக் கீழே சின்ன டீச்சர் ஒருத்தி. அவளும் மாறுதல் எப்போது வரும் என்று செல்போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்று அறைகளில் ஒன்று ஒழுகி ஒழுகிக் கடைசியில் பூட்டப்பட்டது. மிச்சம் இரண்டு. ஒரு காலத்தில் இடம் போதாமல் பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து வாய்ப்பாடு கத்திய பள்ளிக்கூடம் அது. பிறகு தெருமுனைக்குத் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வந்தது. வேனோடு டை வந்தது, ஷூ வந்தது, எதிர்வீட்டைப் பார்த்து வயிறெரிவதும் வந்தது. வேனில் ஏற முடிந்தவர்கள் ஏறினார்கள். ஏற முடியாதவர்கள் டீச்சரிடம் வந்தார்கள். வந்ததையும் அவளுக்குச் செய்கிற பெரிய உபகாரம் போலத்தான் நடந்துகொண்டார்கள்.

முப்பது பிள்ளைக்குக் கீழே போனால் பள்ளியை மூடிவிடுவது என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். மூடினால் டீச்சரைத் தூக்கி வேறு இடத்தில் போடுவார்கள். காலியாக இருந்த இடமெல்லாம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். "போனா போகுது, எங்க போனாலும் அதே அனா ஆவன்னாதானே டீச்சர்" என்று சின்ன டீச்சர் சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கென்ன, அவள் வீட்டில் கட்டிலோடு யாரும் ஒட்டிக் கிடக்கவில்லை.

டீச்சரின் வீட்டுக்காரர் லைன்மேனாக இருந்தவர். கம்பத்தின் உச்சியிலிருந்து விழுந்தவரை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார்கள், அன்றோடு சரி. கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்காது. வாய் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் பிழைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வீடு கூப்பிடு தூரம். மதியம் மணி அடித்ததும் டீச்சர் ஓட்டமும் நடையுமாக வந்து, அவரைப் புரட்டிப் போட்டு, மூத்திரப் பையை மாற்றி, நாலு வாய் ஊட்டி, தன் வாயிலும் எதையோ அடைத்துக்கொண்டு திரும்பி ஓடுவாள். ஒரு தடவை மேலதிகாரிகள் கூட்டம் என்று நகரத்துக்குக் கூப்பிட்டு மூன்று நாள் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த மூன்று நாளில் அவர் இடுப்பில் ஒரு புண் கிளம்பியது. விரல் உள்ளே போகிற அளவுக்குக் குழி. அது ஆற ஒரு வருடம் பிடித்தது. அந்த வாடை டீச்சரின் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை.

ஆள் வைத்தும் பார்த்தாள். ஒருத்தி ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள், இன்னொருத்தி இரண்டே நாள். அவர் வாய்க்குப் பயந்து எல்லாரும் கம்பி நீட்டினார்கள். மகன் ஒருவன் தூர தேசத்தில் இருந்தான். "அப்பாவை நல்லாப் பாத்துக்கம்மா" என்று போனில் ரொம்ப அக்கறையாகச் சொல்லுவான். அந்த அக்கறையை வைத்து ஒரு விரிப்பு கூட மாற்ற முடியாது.

ஆக, டீச்சருக்குப் பள்ளிக்கூடம் திறந்திருந்தால் புருஷன் முதுகு முழுசாக இருக்கும். மூடினால் அழுகும். கல்வி, சமுதாயம், வருங்காலத் தூண்கள் என்று விழாவுக்கு விழா மேடையில் அவள் பேசியதெல்லாம் வேறு. வெயிலில் அவளை வாசல் வாசலாக ஏற வைத்தது இந்த முதுகுதான்.

"என்ன டீச்சரம்மா, இன்னிக்கு வலையில எத்தனை விழுந்துச்சு?" என்று சாயங்காலம் அவர் கேட்பார்.

"ஒண்ணு. அதுவும் அவங்க அத்தைக்காரி குறுக்க விழுந்து கலைச்சுட்டா."

"உன் மூஞ்சியைப் பாத்து பயந்திருக்கும். பவுடர் போட்டுட்டுப் போ."

"ஏங்க, நான் யாருக்காக நாயா அலையறேன்னு கொஞ்சமாவது நெனச்சுப் பாக்கறீங்களா?"

"நெனைக்கறதைத் தவிர எனக்கு வேற என்ன வேலை இருக்கு?" என்பார் அவர்.

அந்த வருடம் தலைகீழாக நின்றும் தெருப் பிள்ளைகள் பதினெட்டைத் தாண்டவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்குப் பின்னாலிருந்த பொட்டலில் அடுக்குமாடிக் கட்டட வேலை ஆரம்பித்தது. கம்பி கட்டுகிறவர்கள், கலவை போடுகிறவர்கள், சித்தாள்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்து தகரக் கொட்டகை போட்டுக் குடியேறினார்கள். மணல் குவியல் மேல் பிள்ளைகள் உருண்டுகொண்டிருந்தன. மதில் ஓரம் நின்று அதைப் பார்த்த டீச்சருக்கு வாயில் எச்சில் ஊறியது. அதற்கு வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே கொட்டகைக்குப் போனாள். தெருவில் ஒரு பிள்ளைக்கு ஒரு வாரம் கெஞ்ச வேண்டும். இங்கே கதவும் இல்லை, சாத்துகிறவர்களும் இல்லை. பாதிப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியவில்லை. "மழைக்காலத்துல பொறந்தான்", "மூணாவது மாடி போடறப்போ பொறந்தா" என்று தாய்மார்கள் கணக்குச் சொன்னார்கள். எந்த ஊரில் எந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடி என்று யாரைப் போய்க் கேட்பது? எல்லாருக்கும் மாதத்தின் முதல் தேதியைப் போட்டுவிட்டாள் டீச்சர். ஒரே நாளில் பதினாலு பேர். தெருவும் கொட்டகையும் சேர்ந்து முப்பத்திரண்டு. அன்றைக்கு மதியம் வீட்டுக்காரரைப் புரட்டும்போது வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தாள்.

அந்தப் பதினாலில் ஒன்று பட்டாணி. ஏழெட்டு வயசு, உருண்டு ஓடுகிற சின்ன உருவம், இரட்டைச் சடை, நிற்காத வாய். அவளுடைய அம்மா சித்தாள். தலையில் கலவைச் சட்டியோடு நின்றபடியேதான் டீச்சரிடம் பேசினாள்.

"நாங்க ஒரு இடத்துல நிக்கறவங்க இல்ல டீச்சர். ஆனா இந்தக் கட்டடம் ரெண்டு மூணு வருசம் ஓடும்னு மேஸ்திரி சொல்றாரு. அதுக்குள்ள இவ எழுதப் படிக்கக் கத்துக்கிட்டா போதும். அப்புறம் எங்க போனாலும் பொழச்சுக்குவா."

"என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேம்மா. நீ கவலையே படாதே."

"உங்களை நம்பித்தான் விடறேன்" என்றாள் சித்தாள். கலவை காய்ந்துவிடும் என்று உடனே ஏணியில் ஏறிப் போய்விட்டாள்.

பட்டாணிக்குக் கற்பூர புத்தி. ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வாள். மூன்று மாதத்தில் பெரிய பிள்ளைகளின் புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். காலையில் டீச்சர் வந்து பூட்டைத் திறக்கும் முன்பே வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். லீவு விட்டால் அழுவாள். "இந்த மாதிரி ஒரு பிள்ளை வந்து எவ்வளவு நாளாச்சு" என்று டீச்சரே சின்ன டீச்சரிடம் சொன்னாள். உண்மையாகத்தான் சொன்னாள். அந்தப் பிள்ளை மேல் அவளுக்குப் பிரியம் இருந்தது. அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

சனியன் ஜவுளிக்கடையம்மா ரூபத்தில் வந்தது. தெருவில் அவள் வைத்ததுதான் சட்டம். அவளுடைய மகளை மஞ்சள் வேன் பள்ளியின் நேர்முகத்தில் கழித்துவிட்டார்கள். என்ன கேட்டும் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லையாம். வேறு வழியில்லாமல் டீச்சரிடம் சேர்த்தவள், அந்த ஆத்திரத்தை எல்லாம் டீச்சர் மேலேயே காட்டினாள். ஒருநாள் காலை மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பாருங்க டீச்சர், என் பொண்ணு தலையில பேன் ஊர்வலம் போகுது. இதுக்குத்தான் அந்தக் கொட்டகைக் கும்பலைக் கொண்டுவந்து பக்கத்துல உக்கார வெச்சீங்களா?"

"பேன் யாருக்கு வேணா வரும்மா..."

"எங்க வீட்டுல வராது. இன்னிக்கே ஏதாவது பண்ணுங்க. இல்லன்னா நாளைக்குத் தெருப் பிள்ளைங்க ஒண்ணுகூட வராது. நான் சொன்னா எல்லாரும் கேப்பாங்க, தெரியுமில்ல?"

தெரியும். இன்னொன்றும் டீச்சருக்குத் தெரியும். அந்தக் கடைக்காரம்மாவின் மகள் லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு வரும்போதே பேனோடுதான் வந்தாள். பள்ளி திறந்த அன்றே அவள் காலரிலிருந்து ஒன்றைப் பிடித்து நசுக்கியது டீச்சர்தான். அன்றைக்குக் கொட்டகைப் பிள்ளை ஒன்றுகூடப் பள்ளிக்குள் கால் வைத்திருக்கவில்லை. இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீச்சர் சொல்லவில்லை. "பட்டாணி, இங்க வா" என்று கூப்பிட்டாள்.

பாட்டுச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் குதித்துக்கொண்டு வந்தது குழந்தை. கையைக் கூடக் கட்டிக்கொண்டது. டீச்சர் மேஜை இழுப்பறையிலிருந்து கலர் காகிதம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தாள்.

"எதுக்கு டீச்சர்?"

"தலையைக் குனி."

மழுங்கிய கத்தரிக்கோல் அது. காகிதத்தையே கடித்துக் கடித்துத்தான் வெட்டும். வராந்தாவில், எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, முதலில் ஒரு சடை விழுந்தது. இன்னொன்று பாதியில் சிக்கிக்கொண்டு, டீச்சர் இழுத்து இழுத்து அறுத்தாள். பட்டாணி அழவில்லை. கடைக்காரம்மாவின் மகள் சிரித்த பிறகுதான் அழுதாள். "எங்கம்மா தெனமும் பின்னி விடுவாங்களே டீச்சர். இனிமே எதைப் பின்னுவாங்க?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். ஜவுளிக்கடையம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. "இப்படிக் கண்டிப்பா இருந்தாத்தான் டீச்சர் சரிப்படும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் சித்தாள் வந்தாள். மகள் தலையைத் தடவிப் பார்த்தாள். சண்டை போடப் போகிறாள் என்று டீச்சர் வார்த்தைகளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். சித்தாள் சொன்னது இவ்வளவுதான்: "வளந்துடும் டீச்சர். நீங்க பண்ணா அதுல ஏதாவது நல்லது இருக்கும்."

அன்று டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். இறங்கியது. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டும் சாப்பிட்டாள்.

ஜவுளிக்கடையம்மாவுக்கு ருசி கண்டுவிட்டது. அடுத்த வாரம் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து, கொட்டகைப் பிள்ளைகளைத் தனி அறையில் வைக்க வேண்டும் என்றாள். இரண்டு அறைதானே இருக்கிறது என்றாள் டீச்சர். ரெண்டு போதுமே என்றார்கள் அவர்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரிப்பார்கள். இங்கே ஒன்றிலிருந்து ஐந்து வரை தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓர் அறை, டீச்சர் அவர்களுக்கு. ஒன்றிலிருந்து ஐந்து வரை கொட்டகைப் பிள்ளைகள் எல்லாம் இன்னோர் அறை, சின்ன டீச்சரும் அவள் செல்போனும் அவர்களுக்கு. நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது என்று ஜவுளிக்கடையம்மாவே தன் கடைக்குப் போர்டு எழுதிய ஆளைக் கூட்டிவந்து, ஒரு கதவில் 'அ பிரிவு' என்றும் மற்றதில் 'ஆ பிரிவு' என்றும் பெரிய எழுத்தில் பெயின்ட் அடிக்க வைத்தாள். கடைக்கு வாங்கியதில் மீந்த பெயின்ட். நல்ல பளபளப்பு.

இதில் டீச்சர் செய்த கூத்துதான் பெரிய கூத்து. பள்ளியிலே இரண்டு பிரிவு இருக்கிறது என்று மேலிடத்துக்குத் தெரிந்தால், பரவாயில்லையே, பெரிய பள்ளிக்கூடம்தான் போலிருக்கிறது என்று நினைப்பார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அந்த எண்ணத்தில், பள்ளி விவரம் அனுப்பும்போது, பெருமையாக, இரண்டு பிரிவு என்றே போட்டு அனுப்பிவிட்டாள். வீட்டுக்காரரிடமும் சொன்னாள். "ஒரு கயித்துல தொங்கறவன் அதை ரெண்டா பிரிச்சா ரெண்டு கயிறு ஆயிடுமா?" என்று கேட்டார் அவர். "உங்களுக்கு எதுலதான் நல்லது தெரியும்?" என்று எரிந்து விழுந்தாள்.

பட்டாணி அடுத்த அறைக்குப் போன பிறகும் காலையில் வாசல்படியில் உட்கார்ந்திருப்பதை விடவில்லை. முடி முள்முள்ளாக முளைத்துக்கொண்டிருந்தது. சின்ன டீச்சர் பாடம் நடத்தாத நேரம், அதாவது முக்கால்வாசி நேரம், அவள் 'அ' பிரிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளே நடக்கிற பாடத்தைக் கேட்பாள். டீச்சர் கேள்வி கேட்டால் உள்ளே இருக்கிறவர்கள் திருதிருவென்று விழிக்க, பதில் ஜன்னலிலிருந்து வரும். கடைசியில் ஜவுளிக்கடையம்மாவின் மகள் வீட்டில் போய்ச் சொல்ல, டீச்சர் அந்த ஜன்னலையும் சாத்தி வைத்தாள்.

அதிகாரி வந்தார். கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிகளைப் பார்வையிட வருகிறவர். இத்தனை பள்ளிகளை மூட வேண்டும் என்று அவருக்கும் ஒரு கணக்குக் கொடுத்திருந்தார்கள், அதில் இன்னும் ஒன்று குறைந்தது. வராந்தாவில் நின்று இரண்டு கதவையும் பார்த்தார். செல்போனில் படம் எடுத்தார்.

"ரெண்டு பிரிவா? பலே. இந்தப் பக்கம் எத்தனை?"

"பதினெட்டு சார்."

"அந்தப் பக்கம்?"

"பதினாலு சார்."

"விதி தெரியுமில்ல டீச்சர்? பிரிவுன்னு பிரிச்சுட்டா தனித்தனியாத்தான் கணக்கு. ஒரு பிரிவுக்குக் குறைஞ்சது இருபது. உங்ககிட்ட ரெண்டுமே தேறலையே."

"சார், ரெண்டையும் சேத்தா முப்பத்திரண்டு சார்!"

"சேக்க நீங்கதானே விடல? கதவு வெச்சு, போர்டு எழுதி, நீங்களே பிரிச்சு அனுப்பியிருக்கீங்க. இப்ப நான் வந்து சேக்கறதா?"

"அது சும்மா பேருக்கு சார். இப்பவே அழிச்சுடறேன்."

சொன்னதோடு நில்லாமல் டீச்சர் புடவைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து, 'ஆ' என்ற எழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். அது வருமா? தேய்க்கத் தேய்க்க இன்னும் பளபளத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அதிகாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், அவருக்கும் சிரிப்புத்தான்.

பள்ளி மூடப்பட்டது. தெருப் பிள்ளைகளைப் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கொட்டகைப் பிள்ளைகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சர் கேட்டதற்கு, "கட்டடம் முடிஞ்சா போறவங்கதானே" என்று கையைக் கழுவிவிட்டார் அதிகாரி. ஜவுளிக்கடையம்மா பெரிய சாலைப் பள்ளிக்கும் போகவில்லை. மகளை மறுபடி நேர்முகத்துக்குக் கூட்டிப் போனாள்; இந்தத் தடவை பெண் வாயைத் திறந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டாள். "எல்லாம் உங்க பயிற்சிதான் டீச்சர்" என்று வேன் வாசலில் நின்று சொன்னாள். தெருவில் இன்னும் சிலர் அவளைப் பார்த்து அதே வேனில் ஏறினார்கள். டீச்சர் யாருக்காக எல்லாவற்றையும் செய்தாளோ, அவர்களில் ஒருவருக்கும் அவள் எங்கே போகிறாள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அவளுக்கு மாறுதல் உத்தரவு வந்தது. நினைத்த மாதிரியே, இரண்டு பஸ். விடிந்ததும் கிளம்பினால் இருட்டித்தான் திரும்ப முடியும். நடுவில் அத்தனை மணி நேரம் அவர் ஒரே பக்கமாகக் கிடக்க வேண்டும். தெரிந்த பெண்களையெல்லாம் கேட்டுப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர் வாய்க்கு நாங்க ஆகமாட்டோம்மா" என்றுவிட்டார்கள். "விடு, அழுகினா அழுகிட்டுப் போகுது" என்றார் அவர். சொல்லும்போது அவருடைய குரல் வழக்கம்போல இல்லை. அவருக்கும் அந்த வாடை ஞாபகம் இருந்தது.

டீச்சர் பெரிய சாலைப் பள்ளிக்கும் போய்விட்டு வந்தாள். அதையும் சொல்ல வேண்டும். "பட்டாணியை மட்டுமாவது அங்க சேத்து விடுங்க டீச்சர்" என்று சித்தாள் கேட்டிருந்தாள். அங்கே தலைமையாசிரியர் கேட்டதும் சந்தோஷமாகச் சம்மதித்தார்; ஒரு பிள்ளை தானாக வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? "திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. அம்மா காலையில ரோடு தாண்டி விட்டுட்டா போதும்" என்றார். இந்த நல்ல செய்தியையும், ஒரு வேண்டுகோளையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் டீச்சர் கொட்டகைக்குப் போனாள்.

மதியம் ஒரு தடவை வந்து வீட்டுக்காரரைப் புரட்டிப் போட முடியுமா என்று முதலில் கேட்டாள். சித்தாள் செங்கல் அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

"மதியத்துல நான் எப்படி டீச்சர் வர முடியும்? கான்கிரீட் போடற சமயம். அரை மணி காணலன்னா மேஸ்திரி வேற ஆளைப் போட்டுடுவாரு."

"வேற யாராவது இருக்காங்களா?"

"எல்லாருக்கும் இதே கதைதான்." சித்தாள் நிமிர்ந்தாள். "பட்டாணி விஷயம் என்ன ஆச்சு டீச்சர்? அங்க என்ன சொன்னாங்க?"

பட்டாணி அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, உடைந்த செங்கல்லால் தரையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தவள், சட்டென்று தலையைத் தூக்கினாள். டீச்சர் அவளைப் பார்த்தாள். எட்டு வயசு. தெம்பான கை. எதிர்த்துப் பேசாது. அவர் என்ன திட்டினாலும் இதற்குப் போக வேறு இடம் இல்லை.

"இடம் இல்லைன்னுட்டாங்கம்மா" என்றாள் டீச்சர்.

சித்தாள் கையில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டு, "நம்ம தலையெழுத்து. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றாள். அப்புறம் அவளாகவே, டீச்சர் வாய் திறப்பதற்கு முன்பே, சொன்னாள்: "அப்போ இவ சும்மாதானே இருக்கப் போறா. இங்க கம்பியும் ஆணியுமா கெடக்கு, எனக்குப் பயமா இருக்கு. உங்க வீட்டுலயே இருக்கட்டும் டீச்சர். சாரைப் பாத்துக்குவா. நீங்க சாயங்காலம் வந்து நாலு எழுத்து சொல்லிக் குடுங்க. உங்ககிட்ட இருந்தா பள்ளிக்கூடத்துல இருக்கற மாதிரிதான்."

"சரிம்மா" என்றாள் டீச்சர். "என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாடம் நடந்தது. விரிப்பை நாலாக மடித்து அவருக்கு அடியில் போட வேண்டும். இந்த முழங்காலை மடக்கி வைத்துவிட்டு, விரிப்பின் அந்த ஓரத்தைப் பிடித்து, உடம்போடு சாய்ந்து இழுக்க வேண்டும். புரண்டதும் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருக வேண்டும். அவர் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார். இரண்டு தடவை முடியவில்லை. மூன்றாவது தடவை பட்டாணி பல்லைக் கடித்துக்கொண்டு, கால் இரண்டையும் கட்டில் சட்டத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். அவர் புரண்டார்.

"வெரி குட்!" என்றாள் டீச்சர், பழக்கத்தில்.

குழந்தையின் முகம் மலர்ந்துபோயிற்று. அந்த வார்த்தையை அது கேட்டு எவ்வளவு மாதம் ஆகிறது.

"ஏண்டி, இந்தப் பிள்ளையைப் பெரிய ரோட்டுப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறேன்னு சொன்னியே?" என்று சுவரைப் பார்த்துக் கிடந்தபடி அவர் கேட்டார்.

"சாப்பாடு வேணுமா, மாத்திரையா?" என்று கேட்டாள் டீச்சர். அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை. அவருக்கும் முதுகு இருக்கிறதே.

திங்கட்கிழமை காலை பட்டாணி குளித்து, இருந்ததில் நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு, பையும் பலகையுமாக வந்து நின்றாள். டீச்சர் பையை வாங்கி அலமாரி மேல் வைத்தாள். கஞ்சி எங்கே, தண்ணீர் எங்கே, மூத்திரப் பையை எப்படிக் கழற்றுவது என்று மறுபடி ஒரு தடவை சொல்லிக் கொடுத்தாள். யாராவது கதவைத் தட்டினால் சத்தம் காட்டக் கூடாது என்றாள். பள்ளி நேரத்தில் ஒரு டீச்சர் வீட்டில் இந்த வயசுப் பிள்ளை இருப்பதை யாராவது பார்த்தால் கேள்வி வரும். கேள்வி கேட்கிற வேலையே பார்த்தவள் அவள், அவளுக்குத் தெரியாதா? அதனால் வெளியே வந்து, கதவை இழுத்து மூடி, பூட்டைப் போட்டு, இரண்டு தடவை இழுத்தும் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

ஜன்னல் கம்பிக்கு நடுவே முள்முள்ளாக முடி வளர்ந்த தலை தெரிந்தது.

"டீச்சர், எப்போ வருவீங்க?"

"பள்ளிக்கூடம் விட்டதும் வந்துடுவேன்" என்றாள் டீச்சர்.